இரண்டு கடைசிகள்: ஃப்ரெஸ்னோ 2008, ஓல் மிஸ் 2022

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் பட்டம் வெல்லும் பாதை நீண்டது, நெளிவுசுளிவும் அதிகம். பிப்ரவரி நடுவில் பருவம் தொடங்கிவிடும். மே மாத இறுதிக்குள் ஓர் அணி 56 ஆட்டங்கள் வரை ஆடும். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். 1999 முதல் 64 அணிகள் கோப்பைத் தொடருக்குத் தேர்வாகின்றன. 16 ஊர்களில் நான்கு நான்கு அணிகளாக மோதுவது ரீஜனல். அதில் வென்ற 16 அணிகளும் ஜோடி ஜோடியாக, மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவர் முன்னேறும் கணக்கில் ஆடுவது சூப்பர் ரீஜனல். மிஞ்சும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் எனப்படும் இறுதித் தொடர் 1950 முதல் அந்த ஊரில்தான் நடக்கிறது.

இந்தப் பாதையில் வந்து கோப்பையைத் தூக்கிய அணிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, 2008-இல் வென்ற கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஸ்டேட். மற்றது, 2022-இல் வென்ற மிசிசிப்பி பல்கலைக்கழகம். எல்லோரும் அதை 'ஓல் மிஸ்' என்றே அழைக்கிறார்கள். இரண்டும் தரவரிசையின் அடியிலிருந்து எழுந்தவை. விளையாட்டுப் பக்கங்கள் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி, நம்ப முடியாத வெற்றிகள் என்று எழுதிவிட்டன. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால், இவை இரண்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே மேடையில் ஏறிய அணிகள். அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஆட்டத்தில் ஏழை அணிக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்ற கேள்வி அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில், அவை உள்ளே நுழைந்த விதம். 64 இடங்களில் ஏறத்தாழ பாதி, கல்லூரிகள் பருவத்தில் தமக்குள் மோதும் கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்குத் தானாகப் போய்ச் சேரும். மீதி இடங்களை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேர்வுக் குழு தன் கணிப்பில் நிரப்பும். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் முதல் வகை. அது ஆடிய வெஸ்டர்ன் அத்லெட்டிக் கூட்டமைப்பு பேஸ்பாலில் பெரிய பெயர் இல்லாதது. அதன் கோப்பையை வென்றதால் குழுவின் தயவு தேவைப்படவில்லை. விதியே கதவைத் திறந்துவிட்டது. ஆனால் லாங் பீச் ரீஜனலின் நான்கு அணிகளில் நான்காவதாகத்தான் வைத்தார்கள். கூடைப்பந்துத் தொடரின் கணக்கில் சொன்னால், 13-ஆம் இடத்துக்கும் 16-ஆம் இடத்துக்கும் இடைப்பட்ட ஒரு சின்ன அணிக்குச் சமம். அப்படி வைக்கப்பட்ட எந்த அணியும் அதற்கு முன் பட்டம் வென்றதில்லை, அதற்குப் பின்னும் இல்லை.

ஓல் மிஸ் இரண்டாம் வகை. தென்கிழக்குக் கூட்டமைப்பு, அதாவது எஸ்.இ.சி., இந்த ஆட்டத்தின் பணக்கார வீடு. அந்த வீட்டில் 30 ஆட்டங்கள் ஆடி 14-இல் வென்று 16-இல் தோற்றிருந்தது ஓல் மிஸ். கூட்டமைப்பின் கோப்பைத் தொடரில் வாண்டர்பில்ட்டிடம் முதல் ஆட்டத்திலேயே 3-1 என்று தோற்று வெளியேறியது. வேறொரு கூட்டமைப்பில் இந்தக் கணக்கோடு நின்றிருந்தால் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில்தான் ஜூன் மாதத்தைப் பார்த்திருப்பார்கள். குழு யோசித்து, கடைசியாக மிஞ்சிய இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது. அந்த 64-இல் கடைசியாகச் சேர்ந்தது ஓல் மிஸ்தான் என்பதைக் குழுவின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஆக, ஃப்ரெஸ்னோவைச் சேர்க்காமல் விட குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஓல் மிஸ்ஸைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் குழுவுக்கு இல்லை. இரண்டு அணிகளுமே கடைசி வரிசைதான் என்றாலும், ஒன்றை அங்கே கொண்டுவந்தது விதி, மற்றொன்றைக் கொண்டுவந்தது குழுவின் மதிப்பீடு.

பருவத்தின் போக்கும் அப்படியே. நாடு முழுவதும் பருவத்தை ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்ற விதி 2008-இல்தான் வந்தது. அதற்கு முன் வெயில் ஊர்களின் அணிகள் ஜனவரியிலேயே ஆடத் தொடங்கிவிடும். பனி உருகக் காத்திருக்கும் வடக்கத்தி அணிகள் பின்தங்கிவிடும். ஆட்டங்கள் நெருக்கமாக அமைந்த அந்த முதல் பருவத்தில், ஃப்ரெஸ்னோ முதல் 20 ஆட்டங்களில் 8-இல்தான் வென்றது. மைக் பேட்சோல் அப்போது பயிற்சியாளர். அணியின் முதன்மை பிட்சர் டானர் ஷெப்பர்ஸ் தோள்பட்டைக் காயத்தால் கோப்பைத் தொடரில் எறிய முடியாமல் போனார். பேஸ்பாலில் முதன்மை பிட்சரை இழப்பதன் வலி கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஓர் ஆட்டத்தின் பெரும்பகுதியை ஒரே பிட்சர் எறிகிறார். எறிந்து முடித்தால் அவர் கைக்கு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். அவர் இல்லையென்றால் அடுத்தடுத்த எல்லா நாள்களின் கணக்கும் குலைகிறது. ஃப்ரெஸ்னோ கோப்பையை வென்ற நாளில் அதன் கணக்கு 47 வெற்றி, 31 தோல்வி. இத்தனை தோல்விகளோடு பட்டம் வென்ற அணி வேறில்லை.

ஓல் மிஸ்ஸின் பருவம் நேர் எதிர்த் திசையில் ஓடியது. மார்ச் மாதத்தில் நாட்டின் முதல் அணியாகத் தரவரிசையின் உச்சியில் இருந்தது. பிறகு டென்னஸி அணி ஓல் மிஸ்ஸின் சொந்த ஊரான ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்து மூன்று ஆட்டத்திலும் அடித்துவிட்டுப் போனது. மே தொடங்கும்போது கூட்டமைப்பு ஆட்டங்களில் 7 வெற்றி, 14 தோல்வி. 2001 முதல் பயிற்சியாளராக இருந்த மைக் பியாங்கோவை மாற்ற வேண்டும் என்ற குரல் ஊரெங்கும் எழுந்தது. அவர் காலத்தில் ஓல் மிஸ் அதுவரை ஒமாஹாவை எட்டியது 2014-இல் ஒரே ஒருமுறைதான். உச்சியிலிருந்து விழுந்த அணிக்குக் கடைசி இடம் ஓர் அவமானம். ஃப்ரெஸ்னோவுக்கோ அந்த இடமே ஒரு வரம். அது கடைசியாக ஒமாஹாவைப் பார்த்தது 1991-இல்.

ரீஜனலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரெஸ்னோ லாங் பீச்சில் ஓர் ஆட்டத்தைத் தோற்றும் தப்பியது. ஓல் மிஸ் கோரல் கேபிள்ஸில் ஒன்றும் தோற்காமல், கடைசி ஆட்டத்தில் அரிஸோனாவை 22-6 என்று நொறுக்கிவிட்டு வந்தது. சூப்பர் ரீஜனலில் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஃப்ரெஸ்னோ போனது டெம்பிக்கு. எதிரி, நாட்டின் மூன்றாம் இடத்தில் இருந்த அரிஸோனா ஸ்டேட். முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்த இரண்டையும் வென்றது. ஓல் மிஸ் தன் மாநிலத்துக்குள்ளேயே ஹாட்டீஸ்பர்க் போய், சதர்ன் மிஸ்ஸை 10-0, 5-0 என்று ஒரு ரன்கூட விடாமல் மடக்கியது.

இரண்டு அணிகளும் கோப்பைத் தொடரில் 10 ஆட்டங்கள் வென்றன. ஃப்ரெஸ்னோ அதற்குள் நான்கு தோற்றது. ஓல் மிஸ் ஒன்றே ஒன்று. இந்தத் தொடரின் அமைப்பில் ஒரு தோல்வியால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரே கட்டத்துக்குள் இரண்டாவது முறை தோற்றால்தான் போக வேண்டும். ஃப்ரெஸ்னோ அந்தச் சலுகையை ஒவ்வொரு கட்டத்திலும் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தியது. தோற்றால் பருவமே முடிந்தது என்ற நிலையில் ஆறு ஆட்டங்கள் ஆடி, ஆறிலும் வென்றது. அந்த ஆறில் ஒவ்வொன்றும் தனியே நின்று பேசத் தக்கது.

ஒமாஹா ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃப்ரெஸ்னோ ஏழு ஆட்டங்களில் 62 ரன் எடுத்து 31 ரன் கொடுத்தது. ஓல் மிஸ் ஆறு ஆட்டங்களில் 36 ரன் எடுத்து 14 மட்டுமே கொடுத்தது. இது அணிகளின் குணத்தை மட்டும் சொல்லும் கணக்கல்ல. இடையில் ஆட்டமே மாறியிருந்தது. 2008-இன் அலுமினிய மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் மரமட்டையைவிட அதிகம். 2011-இல் புதிய விதி வந்தது. உலோக மட்டையின் துள்ளலை மரமட்டைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தியது. அதே ஆண்டு மைதானமும் மாறியது. மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் மேட்டில் நின்ற ரோசன்பிளாட் அரங்கம் 2010-உடன் ஓய்ந்தது. ஊர் நடுவே கட்டிய புதிய அரங்கில் கோடைக் காற்று அடிப்பவரின் முகத்துக்கு நேரே வீசுகிறது. விளைவு கடுமையாக இருந்தது. 2014-இல் ஒமாஹாவின் மொத்தத் தொடரிலும் அடிக்கப்பட்ட ஹோம் ரன் மூன்றுதான். மறு ஆண்டு பந்தின் தையலைத் தட்டையாக்கிக் கொஞ்சம் சரிசெய்தார்கள். ஆகவே, ஃப்ரெஸ்னோவின் 62 ரன்னையும் ஓல் மிஸ்ஸின் 36 ரன்னையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இதை மறந்து எழுதப்படும் ஒப்பீடுகளை நான் ஏற்பதில்லை.

ஆனாலும் குணம் தெரியத்தான் செய்கிறது. ஃப்ரெஸ்னோ அடித்தே பிழைத்த அணி. ஒமாஹாவின் முதல் ஆட்டத்தில் ஆறாம் இடத்து ரைஸை 17-5 என்று சாய்த்தது. இரண்டாம் இடத்து நார்த் கரோலைனாவிடம் ஒன்று வென்று, ஒன்று தோற்று, மீண்டும் 6-1 என்று வென்றது. இறுதியில் எட்டாம் இடத்து ஜார்ஜியாவிடம் முதல் ஆட்டத்தை 7-6 என்று இழந்தது. இரண்டாம் ஆட்டத்தில் 5-0 என்று பின்தங்கியபோது எல்லாம் முடிந்தது என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அங்கிருந்து எழுந்து 19-10 என்று முடித்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற டாமி மென்டோன்கா, விரல்கள் பிசகிய கையோடு மூன்றாம் பேஸில் நின்றவர். ஒமாஹாவில் நான்கு ஹோம் ரன் அடித்தார்.

2008 ஜூன் 25-ஆம் தேதி நடந்த மூன்றாம் ஆட்டத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஸ்டீவ் டெட்வைலர் வலப்புறத் தடுப்பாளர். இடது கட்டைவிரலில் தசைநார் கிழிந்திருந்தது. மட்டையை இறுகப் பிடிப்பதே வேதனை. அன்று நான்கு முறை அடிக்க வந்தார், நான்கு முறையும் அடித்தார். இரண்டு ஹோம் ரன், ஒரு டபுள். ஃப்ரெஸ்னோ எடுத்த ஆறு ரன்னையும் அவர் மட்டைதான் கொண்டுவந்தது. மறுமுனையில் ஜஸ்டின் வில்சன், போதிய ஓய்வில்லாத கையோடு எட்டு இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ரன் கொடுத்தார். 6-1. கடைசிப் பந்து உயரக் கிளம்பி வலப்புறமே போயிற்று. அதையும் பிடித்தவர் டெட்வைலர்தான். இந்த விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கு ஓர் ஆட்டத்தைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஓல் மிஸ்ஸின் சாதனை வேறு மாதிரி. அதன் அழகு எறிவதில் இருந்தது. டிலன் டெலூசியா ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவர். இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு ஓல் மிஸ்ஸில் சேர்ந்தார். பருவத்தின் தொடக்கத்தில் அவருக்கு முதலில் எறியும் வாய்ப்புக்கூட இல்லை. மாற்று பிட்சராகத்தான் இருந்தார். அணி சரிந்துகொண்டிருந்த ஏப்ரலில் அவரையும் ஹண்டர் எலியட் என்ற முதலாண்டு மாணவரையும் முன்னே கொண்டுவந்தார் பியாங்கோ. அதோடு அணியின் தலைவிதி மாறியது. ஒமாஹாவில் அர்கன்ஸாவை ஒருமுறை 13-5 என்று வென்று, மறுமுறை 3-2 என்று தோற்று, இறுதிக்குப் போகும் மூன்றாம் மோதலுக்கு வந்தபோது பந்து டெலூசியாவின் கையில் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸையும் அவரே எறிந்தார். எதிரணி நான்கே முறை அடித்து பேஸுக்கு வந்தது, நடந்து பேஸுக்குப் போனவர் ஒருவருமில்லை, ரன்னும் இல்லை. எதிர்முனையில் கானர் நோலண்டும் சளைக்காமல் எறிந்ததால் முடிவு 2-0 தான். மாற்று பிட்சர்கள் வரிசையாக வந்து போகும் இந்தக் காலத்தில், ஒரு கல்லூரி மாணவர் அத்தனை பெரிய நாளில் ஆட்டத்தை முழுக்கத் தோளில் சுமப்பது அரிதிலும் அரிது. சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குப் போனதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

இறுதியில் ஓக்லஹோமா. முதல் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் மெக்கேண்ட்ஸ், ஹாரிஸ், பெஞ்ச் என்று மூவர் அடுத்தடுத்து ஹோம் ரன் அடிக்க, 10-3. இரண்டாம் ஆட்டத்தில் ஓக்லஹோமாவின் கேட் ஹார்ட்டன் 13 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். பட்டத்துக்கான இறுதி மோதல்களின் வரலாற்றில் அதுவரை அதுவே அதிகம். அப்படி எறிந்தவர் தோற்ற அணியில் இருந்தார் என்பது பேஸ்பாலின் கொடுமைகளில் ஒன்று. 2-1 என்று பின்தங்கியிருந்த ஓல் மிஸ், எட்டாவது இன்னிங்ஸில் ஜேக்கப் கொன்சாலஸின் அடியால் சமன் செய்தது. பிறகு மாற்று பிட்சரின் பந்து இரண்டு முறை கேட்சரைத் தாண்டி ஓட, இரண்டு ரன் வந்தது. 4-2. டெட்வைலரின் ஹோம் ரன்னோடு ஒப்பிட்டால் இது அத்தனை கம்பீரமான முடிவல்ல. ஆனால் அந்த நிலைக்கு எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது ஓல் மிஸ்ஸின் பிட்சர்கள்தான்.

இனி எதிரிகளைப் பார்ப்போம். என் தீர்ப்பு இங்கேதான் சாய்கிறது. ஃப்ரெஸ்னோ தாண்டி வந்தவை 2, 3, 6, 8 என்று தொடரின் முதல் எட்டு இடங்களில் நான்கு. அவற்றில் எதுவும் அதன் கூட்டமைப்பைச் சேர்ந்ததல்ல. 2022-இல் ஒமாஹாவுக்கு வந்த எட்டு அணிகளில் ஓல் மிஸ், அர்கன்ஸா, ஆபர்ன், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் என்ற நான்கும் எஸ்.இ.சி.யின் அன்றைய மேற்குப் பிரிவைச் சேர்ந்தவை. மற்ற நான்கில் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் அதே கூட்டமைப்பில் சேரப் போவதாக அதற்கு முந்தைய ஆண்டே அறிவித்திருந்தன. ஓல் மிஸ் ஒமாஹாவில் ஆடிய ஆறு ஆட்டங்களில் நான்கு, வசந்தம் முழுக்கப் பார்த்துப் பழகிய முகங்களோடு. கடைசி இடத்து அணி என்றாலும் அது அந்நியர் வீட்டுக்குள் நுழையவில்லை; சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்துக்குத்தான் வந்தது.

வசதியும் அப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்வேஸி மைதானத்துக்கு வரும் கூட்டம் நாட்டின் பெரிய கூட்டங்களில் ஒன்று. ஒரு ஹோம் ரன் விழுந்தால் வலப்புறப் புல்வெளியில் நிற்கும் மாணவர்கள் கையிலிருக்கும் பீரை வானத்தில் வீசுவது அங்கே வழக்கம். 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றாயிற்று. அதே ஆண்டு, ஒருமுறை கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்றும் ஆயிற்று. பெரிய கூட்டத்தையும் பெரிய கொடையாளர்களையும் உடைய கல்லூரிகளுக்கு இது காற்று வீசும் திசை. 2008-இன் ஃப்ரெஸ்னோ வீரர்களுக்குத் தம் பெயரை வைத்துப் பணம் ஈட்டும் வழி இல்லை. ஓர் அணிக்கு முழு உதவித்தொகைக் கணக்கில் 11.7 என்பதே அன்றைய உச்சவரம்பு. அதைப் பலரிடையே பங்குபோட்டுத்தான் அணி கட்டினார்கள்.

இதைச் சொல்லி ஓல் மிஸ் வீரர்களின் உழைப்பைக் குறைப்பது என் நோக்கமல்ல. அணித் தலைவர் டிம் எல்கோவை நினைத்தால் அப்படிச் செய்ய மனம் வராது. 2021-இல் முழங்கால் தசைநார் கிழிந்தும், அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடியவர் அவர். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் கிடைத்த கூடுதல் ஆண்டைப் பயன்படுத்தி 2022-இல் திரும்பி வந்து 24 ஹோம் ரன் அடித்தார். 2025-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்காகத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கிலும் ஆடினார். கிழிந்த கட்டைவிரலோடு ஆடிய டெட்வைலருக்குப் பெரிய லீக் வாய்க்கவில்லை, மென்டோன்காவுக்கும் இல்லை. ஜஸ்டின் வில்சனோ 2012-இல் மேஜர் லீக்குக்குப் போய்ப் பத்தாண்டுகளுக்கு மேல் நிலைத்தார். வலியைத் தாங்குவதில் இரண்டு அணிகளுக்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம், அந்த வலிக்கு ஒரு வாய்ப்பு கிடைக்க எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்பதில்.

ஓல் மிஸ் 2022-இல் வெல்லாமல் போயிருந்தாலும் இன்னொரு ஆண்டு வென்றிருக்கலாம். அது தோற்றுச் சரிந்தாலும் அதன் கூட்டமைப்பு தாங்குகிறது. பட்டம் வென்ற மறு ஆண்டு எஸ்.இ.சி.யில் 6 வெற்றி, 24 தோல்வி என்று அடிமட்டத்துக்குப் போனது. 2025-இல் மீண்டும் ரீஜனலை நடத்தும் அளவுக்கு எழுந்துவிட்டது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 2008-க்குப் பிறகு ஒமாஹாவுக்குத் திரும்பவேயில்லை. பின்னாளில் மேஜர் லீக்கின் பெரும் நட்சத்திரமான ஆரன் ஜட்ஜ் 2011 முதல் 2013 வரை அங்கே ஆடியபோதும்கூட இல்லை. அதனால்தான் இரண்டில் ஃப்ரெஸ்னோவின் வெற்றியைப் பெரிதாகக் கருதுகிறேன். அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு ஜூன் மாதம், அதைத் தவறவிடவில்லை.

ரீஜனலில் நான்காவதாக வைக்கப்பட்டு ஒமாஹா வரை வந்த அணிகள் ஃப்ரெஸ்னோவுக்குப் பின் மூன்றுதான்: 2012-இல் ஸ்டோனி புரூக், 2023-இல் ஓரல் ராபர்ட்ஸ், 2025-இல் மர்ரே ஸ்டேட். மூன்றுமே சிறிய கூட்டமைப்புகளின் சாம்பியன்கள். தேர்வுக் குழு அழைத்து வந்தவை அல்ல, விதி கொண்டுவந்து சேர்த்தவை. சாம்பியனுக்குத் தானாக இடம் என்ற அந்த விதியைப் பெரிய கூட்டமைப்புகளின் வசதிக்காக எப்போதாவது சுருக்க நினைப்பவர்கள், இந்தப் பெயர்களை முதலில் படிக்க வேண்டும். மர்ரே ஸ்டேட் கென்டக்கியின் சின்ன ஊர்க் கல்லூரி. அது ரீஜனல் ஆடியது ஆக்ஸ்ஃபோர்டில், ஓல் மிஸ்ஸின் சொந்த மைதானத்தில். முதல் ஆட்டத்தில் ஓல் மிஸ்ஸை 9-6 என்று வென்றது. அடுத்து ஜார்ஜியா டெக்கை வென்றது. பிறகு ஓல் மிஸ்ஸிடம் 19-8 என்று அடிவாங்கியது. மறுநாள் அதே ஓல் மிஸ்ஸை 12-11 என்று வெளியேற்றியது. சூப்பர் ரீஜனலில் டியூக்கையும் தாண்டி ஒமாஹா போய்ச் சேர்ந்தது. அங்கே யு.சி.எல்.ஏ.விடம் 6-4 என்று தோற்றது. அடுத்து எதிரே வந்தது எஸ்.இ.சி.யின் அர்கன்ஸா. கேஜ் வுட் அன்று 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, மர்ரே ஸ்டேட்டுக்கு ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காமல் 3-0 என்று முடித்தார். 1960-க்குப் பிறகு காலேஜ் வேர்ல்ட் சீரிஸில் எவரும் அப்படி எறிந்ததில்லை.